பதினோராம் நாள் ஓய்ந்த பெட்டி

என் லேத் பட்டறைக்குச் சிறு தொழில் பதிவு எழுத ஒருவர் ஃபாரம் கொண்டுவந்தார். முழுக்க இங்கிலீஷ். எஞ்சின் சாப்ட் கடைய வந்திருந்த படகுக்காரர்கள் நாலு பேர் சுற்றி நின்றார்கள். "நீங்களே எழுதிக் குடுத்துருங்க" என்று ஃபாரம் கொண்டுவந்தவர் பேனாவை நீட்டினார். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. தமிழ் எழுதுவேன், வாசிப்பேன். இங்கிலீஷில் என் கையெழுத்தைத் தவிர வேறு ஒன்றும் வராது. பேனாவை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றேன்.

மாடியில் வாடகைக்கு இருந்த பிலோமி வேலைக்குப் போக அப்போதுதான் படி இறங்கி வந்தாள். என்னைப் பார்த்தாள், ஃபாரத்தைப் பார்த்தாள். "அண்ணாச்சி கையெல்லாம் கிரீஸு. ஃபாரம் நாசமாப் போயிரும். நீங்க சொல்லுங்க, நான் எழுதுதேன்" என்று பேனாவை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

என் கையில் கிரீஸ் இல்லை. அன்று காலையில் முருகன் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு நான் இன்னும் மிஷினைத் தொடவே இல்லை. அவள் அலுவலகத்துக்கு அரைமணி நேரம் பிந்திப் போனாள். அந்தக் காரியத்தைப் பற்றி அதற்குப் பிறகு என்னிடம் ஒரு நாளும் பேசினதில்லை.

பிலோமிக்கு ஊர் கீழவைப்பார். கடல்தொழில் குடும்பம். அப்பா இல்லை. தம்பி ஜேசுதாசன் மீன்பிடி வள்ளத்தில் போகிறான். அவள் பாலிடெக்னிக் படித்துவிட்டு, தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் கன்டெய்னர்களுக்குப் பேப்பர் தயார் செய்கிற ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். வயது முப்பத்து நாலு. என் மனைவி சண்முகவடிவு எப்போதாவது கல்யாணப் பேச்சை எடுத்தால், "அக்கா, இன்னைக்குக் கொழம்பு ரொம்ப நல்லாருக்கு" என்பாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

சாயங்காலம் வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். ஏதோ ஒரு கல்லூரிக்காரர்கள் ஆராய்ச்சிக்கென்று வாங்கி, வேலை முடிந்ததும் போட்டுவிட்டுப் போன ஐம்பது சின்னப் பெட்டிகள் அவளிடம் இருந்தன. உள்ளங்கை அளவு. பழைய சாமான். அவற்றுக்கு அவள் ஒரு புரோகிராம் எழுதி, ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கீழவைப்பார் வள்ளங்களில் மாட்டிக் கொடுத்திருந்தாள். வலை போட்டுவிட்டு ஆட்கள் கண் அயர்கிற நேரத்தில் வள்ளம் நீரோட்டத்தில் நகர்ந்து, பெரிய கப்பல்கள் துறைமுகத்துக்கு வருகிற பாதைக்குள் போய்விடும். அந்தப் பெட்டி நிமிடத்துக்கு ஒரு தடவை சாட்டிலைட்டை வைத்து வள்ளம் நிற்கிற இடத்தைப் பார்க்கும், அப்படிப் போயிருந்தால் கத்தும். கத்தினால் ஆட்கள் எழுந்து எஞ்சினை எடுத்து விலகிவிடுவார்கள். பெட்டியின் வேலை அவ்வளவுதான்.

ஆனால் அது சில நாள் பிந்திக் கத்தியது. ஒரு விடியற்காலை ஜேசுதாசன் வள்ளத்தின் பக்கத்தில் ஒரு சரக்குக் கப்பல் போய், அவன் வலையை அறுத்துக்கொண்டு கடந்துவிட்டது. கப்பல் போன பிறகுதான் பெட்டி கத்தியிருக்கிறது. உயிர் தப்பினது கடவுள் செயல். வள்ளத்தில் அவனோடு இரண்டு பேர் இருந்தார்கள். மூன்று பேருக்கும் குழந்தைகள் உண்டு. அன்றிலிருந்து பிலோமி சரியாகச் சாப்பிடவில்லை.

"உன் எழுத்துல எங்கயும் தப்பு இருக்காம்மா?" என்று கேட்டேன்.

"ஆறு தடவ பாத்துட்டேன் அண்ணாச்சி. என் பக்கம் சரியாத்தான் இருக்கு. கம்பைலர் மேலதான் சந்தேகமா இருக்கு."

கம்பைலர் என்றால் என்ன என்று அவள் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். நாம் ஒரு சாமான் இப்படி வேண்டும் என்று படம் போட்டுக் கொடுக்கிறோம். லேத்துக்காரன் அதைப் பார்த்து இரும்பில் வெட்டித் தருகிறான். படம் சரியாக இருந்தும் வெட்டுகிறவன் கை பிசகினால் சாமான் தப்பாகத்தான் வரும். புரோகிராம் எழுதுகிறவள் அவள். அதைப் பெட்டிக்குப் புரிகிற விதத்தில் வெட்டிக் கொடுப்பது கம்பைலர். அவள் எழுதிய மொழியின் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. பட்டறையில் எல்லோரும் பிலோமி மொழி என்றே சொன்னோம்.

அந்தக் கம்பைலரை எந்த முதலாளியும் வைத்திருக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். பல தேசத்து ஆட்கள் கூலி இல்லாமல் சேர்ந்து செய்கிறார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திறந்து பார்க்கலாம், தப்பைத் திருத்தி அனுப்பலாம். திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்களுக்கு வழியெல்லாம் மோர்ப் பந்தல் போட்டிருப்பார்கள். போட்டவர் யார் என்று குடிக்கிறவனுக்குத் தெரியாது, குடித்தவன் யார் என்று போட்டவருக்கும் தெரியாது. அந்த மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புது வெர்ஷன் வெளியிடுவார்கள். அதை ரிலீஸ் என்பார்கள்.

புரட்டாசி மாதம் ஒரு சாயங்காலம் அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா, மொகமே சரியில்லையே?"

"அண்ணாச்சி, உங்க லேத்துக்கு இனிமே ஸ்பேர் குடுக்க மாட்டோம்னு கம்பெனிக்காரன் சொல்லிட்டா என்ன செய்வீங்க?"

"நானே கடைஞ்சு போட்டுக்குவேன்."

அந்த வருத்தத்திலும் சிரித்துவிட்டாள். "அப்படித்தான் கேட்டுப் பாக்கணும்."

விஷயம் இதுதான். வரப்போகிற ரிலீஸில் இந்தப் பழைய பெட்டிகளில் இருக்கிற சிப்பைக் கைவிடப் போகிறார்கள். அதை வைத்து இப்போது யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை, ஆகையால் பொறுப்பேற்க முடியாது என்று அறிவித்துவிட்டார்கள். கைவிட்டால், பெட்டி பிந்திக் கத்துவதற்குக் காரணம் கம்பைலரில் இருந்தாலும், அதை அங்கே திருத்தி வாங்க வழியில்லாமல் போகும். வேறு பெட்டி வாங்க வள்ளக்காரர்களிடம் வசதி கிடையாது.

அவள் எழுதிக் கேட்டாள். பதில் வந்தது. யாராவது ஒருவர் அந்தச் சிப் உள்ள பெட்டி ஒன்றை, ரிலீஸுக்கு முன்னால் பதினாலு நாள் நிறுத்தாமல் ஓட்டி, கம்பைலரின் எல்லாச் சோதனைகளையும் அதில் இரவு பகலாகச் செய்து காட்டினால் பட்டியலில் வைத்துக்கொள்ளலாம். மின்சாரம் போவது போன்ற தவிர்க்க முடியாத காரணத்துக்கு மட்டும் மன்னிப்பு உண்டு.

மாடியில் இன்வெர்ட்டர் இல்லை. என் பட்டறையில் உண்டு. "இங்கன வச்சிரும்மா" என்றேன். லேத்திலிருந்து தெறிக்கிற இரும்புச் சுருள் படக்கூடாது என்று தகரத்தில் துளை போட்டு அதற்கு ஒரு கூடு செய்து, சாமி படங்கள் இருக்கிற பலகையின் ஓரத்தில் வைத்தேன். சின்னப் பச்சை விளக்கு விட்டு விட்டு எரியும். காலையில் சாமிக்குச் சாம்பிராணி காட்டும்போது அதற்கும் காட்டுவேன்.

"கரண்டு மட்டும் போகாமப் பாத்துக்கோங்க அண்ணாச்சி, அது போதும்" என்றாள்.

"என் உயிரு போனாலும் கரண்டு போகாது" என்று சொன்னேன். இப்படியெல்லாம் வாய் விட்டிருக்கக் கூடாது.

பத்து நாள் ஒழுங்காக ஓடியது. பதினோராம் நாள் ஆயுத பூசை.

அலுவலகம் லீவு என்று பிலோமி முதல்நாளே கீழவைப்பாருக்குப் போய்விட்டாள். நாங்கள் காலையிலிருந்து பட்டறையைக் கழுவினோம். லேத், டிரில், ஸ்பேனர், சுத்தியல், எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தோம். என்னிடம் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறவன் மகாராஜா. அவன் குலசேகரன்பட்டினம் தசராவுக்கு மாலை போட்டிருந்தான். விரதத்தில் இருக்கிறவன் கெட்ட வார்த்தை பேசக் கூடாது. அதனால் அந்த மாதம் முழுக்கப் பட்டறை அமைதியாக இருந்தது.

"அண்ணாச்சி, பிலோமி பெட்டிய என்ன செய்ய?" என்று கேட்டான்.

"ஏலே, இத்தன சாமானுக்கும் இன்னைக்கு ஓய்வு. அது மட்டும் என்ன பாவம் செஞ்சுது? பத்து நாளா கண்ண மூடாம உழைக்கு."

"நிறுத்தக் கூடாதுன்னு அந்தப் பிள்ள சொல்லுச்சே?"

"கரண்டு போகக் கூடாதுன்னு சொல்லுச்சு. இது பூசைல. சாமி முன்னால வைக்கதும் கரண்டு போறதும் ஒண்ணா?"

மனதார அப்படித்தான் நம்பினேன். விரதம் இருக்கிறவன் சாமி கும்பிட நின்றால் விரதம் முறிந்துவிடுமா? வயரைக் கழற்றினேன். ஈரத்துணி படாமல் துடைத்து, பொட்டு வைத்து, புதுத் துண்டு விரித்து லேத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அதன் மேல் ஒரு செவ்வந்திப் பூவும் வைத்தேன். பார்க்கவே நன்றாக இருந்தது. மகாராஜா ஃபோனில் படம் எடுத்துக்கொண்டான்.

பூசையில் வைத்த சாமானை மறுநாள் காலை மறுபூசை முடியும்வரை எடுக்க மாட்டோம். என் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான்.

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு பிலோமி ஃபோனில் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, பெட்டில லைட்டு எரியுதா? காலைலேருந்து ரிப்போர்ட்டே வரலையே."

"எரியலம்மா. பூசைல வச்சிருக்கேன். பொட்டெல்லாம் வச்சு அழகா இருக்கு" என்றேன்.

"வயரக் கழத்திட்டீங்களா அண்ணாச்சி?" என்றாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"தப்புப் பண்ணிட்டனாம்மா? இப்பவே எடுத்து மாட்டிருதேன்."

"மறுபூசைக்கு முன்னால எடுப்பீங்களா அண்ணாச்சி?"

"எடுக்க மாட்டோம். ஆனா உனக்காக..."

"அப்ப எடுக்காதீங்க" என்றாள். "போனது போச்சு. காலைல மொத பஸ்சுக்கு வாரேன்."

சண்முகவடிவு என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்தப் பிள்ளைட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் நாங்கள் மறுபூசை முடிக்கும்வரை பிலோமி செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றாள். பொரி கடலையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பிறகு உள்ளே வந்து வயரை மாட்டினாள். பொட்டை அழிக்கவில்லை. இருபத்திரண்டு மணி நேரம் நின்றிருக்கிறது என்று கணக்குச் சொன்னாள்.

மகாராஜா யோசனை சொன்னான். "கரண்டு போச்சுன்னு எழுதிரு. அதுக்குத்தான் மன்னிப்பு உண்டுங்கியே. தூத்துக்குடில கரண்டு போனதுக்கு எவன் சாட்சி கேக்கப் போறான்?"

"மகாராஜாண்ணே, கழுத்துல மாலையப் போட்டுக்கிட்டுப் பொய் சொல்லச் சொல்லுதீங்க."

"நான் எங்க சொல்லுதேன்? நீதான எழுதப் போற. எனக்கு என்ன வந்துச்சு?"

"ஏலே, வாய மூடு" என்றேன். "நான்தான் நிறுத்துனேன்னு எழுதும்மா. படிக்காதவன், தெரியாமச் செஞ்சுட்டான்னு எழுது."

அவள் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து எழுதினாள். அனுப்பும் முன் எனக்குத் தமிழில் வாசித்தாள். "எங்கள் ஊரில் வருடத்தில் ஒரு நாள் உழைக்கிற கருவிகளுக்கு ஓய்வு கொடுத்து வணங்குவார்கள். இந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டவர் அதையும் தன் கருவிகளில் ஒன்றாக நினைத்தார். அந்த நாளைப் பற்றி யோசித்து முன்கூட்டிச் சொல்லாதது என் தவறு. இருபத்திரண்டு மணி நேரம் நின்றிருந்தது. இப்போது ஓடுகிறது." படிக்காதவன் என்ற சொல் அதில் இல்லை.

மறுநாள் பதில் வந்தது. ரிலீஸுக்குப் பொறுப்பானவர் வெளிநாட்டுக்காரர். உண்மையைச் சொன்னதற்கு நன்றி, ஆனால் பதினாலு நாள் என்றால் பதினாலு நாள்தான், எல்லோருக்கும் அதே விதி என்று எழுதியிருந்தார். மறுபடி முதலிலிருந்து ஓட்ட ரிலீஸுக்கு முன்னால் அத்தனை நாள் இல்லை. கோபமாக எழுதவில்லை, மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. ஒரு வள்ளத்தில் மூன்று பேர் என்றால் நாற்பத்தொன்பது வள்ளத்தில் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். லேத்தில் ஒரு சாப்டைத் தப்பாக வெட்டிவிட்டேன்.

பிலோமி பெட்டியை நிறுத்தவில்லை. "கெடைக்கலன்னாலும் ஓடட்டும் அண்ணாச்சி" என்றாள். அப்படி ஓடவிட்டதில்தான் ஒன்று தெரிந்தது. பத்து நாளும் தேறியது என்று ரிப்போர்ட்டில் பச்சையாகவே வந்த சோதனைகளில், வயரை மறுபடி மாட்டியதும் ஓடின முதல் தடவையில், ஒன்றே ஒன்று சிவப்பாக இருந்தது. அடுத்த தடவை அதுவும் பச்சையாகிவிட்டது. கம்பைலரில் கூட வேலை செய்கிறவர்கள் ஏதோ தூசி, விட்டுத்தள்ளு என்று எழுதினார்கள். அவள் விடவில்லை. அன்று சாயங்காலம் பட்டறையிலேயே நின்றுகொண்டு தம்பிக்கு ஃபோன் போட்டாள். ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது.

"ஏலே, பெட்டி பிந்திக் கத்துற நாளெல்லாம் எந்த நாளு?"

"நான் என்ன டைரியா எழுதுதேன்? சில நாளு கத்தும், சில நாளு தூங்கும். உன்ன மாதிரி."

"வெளையாடாதல. யோசிச்சுச் சொல்லு. வலை அறுந்துச்சே, அது எந்த நாளு?"

"அது திங்கக்கெழம." பக்கத்தில் யாரிடமோ கேட்டான். "ஏக்கா... அதுக்கு முன்னால பெரிய மாமா வள்ளத்துல பிந்துனதும் திங்கக்கெழமதான். பெட்டிய வச்சு நமக்குள்ள சண்டையே திங்கக்கெழமதான் வரும்."

பிலோமி ஃபோனை வைத்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு லேத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். அழுகிறாளோ என்று நான் பயந்தேன்.

கீழவைப்பார்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள். மாதா கோயிலுக்குப் போவார்கள். பெட்டிகளும் அன்று முழுக்க நின்றிருக்கும். திங்கட்கிழமை விடியலுக்கு முன் வள்ளம் இறங்கும்போது மறுபடி முடுக்குவார்கள். அவ்வளவு நேரம் நின்று எழுகிற பெட்டிக்கு நேரம் தெரியாது. முதலில் பழைய நேரத்திலேயே இருக்கும், பிறகு வானத்திலிருந்து சரியான நேரத்தை வாங்கிக்கொள்ளும். அந்த மாற்றத்தில்தான் கம்பைலர் இந்தச் சிப்புக்கு ஒரு கணக்கைத் தப்பாக வெட்டிக் கொடுத்திருக்கிறது. வள்ளம் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டிய நேரம் வந்தும், இன்னும் வரவில்லை என்று பெட்டி காத்துக்கொண்டு இருந்திருக்கிறது. நிறுத்தாமல் பதினாலு நாள் அல்ல, பதினாலு மாதம் ஓட்டினாலும் அது தெரிந்திருக்காது.

"அண்ணாச்சி, தெரியாமலே நீங்க அதுக்கு ஒரு ஞாயித்துக்கெழம குடுத்துட்டீங்க" என்றாள்.

மகாராஜா, "இத நான்தான் படம் எடுத்தேன், அதையும் எழுது" என்றான்.

இரண்டு நாள் லீவு போட்டு அவள் திருத்தத்தை எழுதி அனுப்பினாள். அந்தப் பொறுப்பாளரே அதைத் தன் ஊரில் நிறுத்தியும் ஓட்டியும் பார்த்திருக்கிறார். வேறு இரண்டு சிப்புகளிலும் அதே தப்பு இருந்ததாம். விதியை அவர் தளர்த்தவில்லை. முழு ஏற்பு கிடையாது, ஆனால் இந்த ஒரு ரிலீஸுக்குச் சோதனை அடிப்படையில் பட்டியலில் வைக்கிறேன், அடுத்த ரிலீஸுக்கு மறுபடி பதினாலு நாள் ஓட்டிக் காட்டுங்கள் என்று எழுதினார். ஆறு மாதம் கிடைத்தது. முருகன் படத்துக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். சண்முகவடிவு பனிமய மாதா கோயிலுக்குப் போய் ஒரு மெழுகுவர்த்தியும் ஏற்றிவிட்டு வந்தாள்.

ரிலீஸ் சொன்ன நாளில் வந்தது. ஒரு சத்தமும் இல்லை. எங்கேயோ ஒரு பக்கத்தில் எழுதிப் போட்டார்கள், அவ்வளவுதான். கடைசியில் உழைத்தவர்கள் பெயர் நானூறுக்கு மேல் இருந்தது. பிலோமி தன் பெயரில் நிற்காமல் விரலால் தள்ளிக்கொண்டே போனாள். மகாராஜாதான் அவள் கையைப் பிடித்து நிறுத்தி, "இந்தா இருக்கு அண்ணாச்சி, நம்ம பிள்ள" என்று காட்டினான்.

அந்த வாரமே எல்லாப் பெட்டிகளுக்கும் புது வெர்ஷனில் வெட்டிய புரோகிராமைப் போட்டாள். ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை. காலை ஏழு மணிக்கு நான் பட்டறையைத் திறக்கும்போதே ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். கரைக்கு வந்ததும் ஜேசுதாசன் கூப்பிட்டான். அவன் குரல் எனக்கே கேட்டது.

"ஏக்கா, என்ன பெட்டி செஞ்சு குடுத்துருக்க? கப்பலு கண்ணுக்கே தெரியல, அதுக்குள்ள இந்தச் சவத்துப் பெட்டி கெடந்து கத்துது. கண்ண மூட விடல."

"கத்தட்டும்ல" என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். அன்று மதியம் எங்கள் வீட்டில் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

தை முடிந்ததும் காக்கிநாடா பக்கத்துக் கடற்கரைக்காரர்கள் சங்கத்திலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். அங்கேயும் வள்ளங்கள் கப்பல் வழியில் மாட்டிக்கொள்கின்றன, ஒரு வருடம் இருந்து இதே மாதிரி செய்து தர வேண்டும் என்றார்கள். அலுவலக வேலையை விட்டுவிட்டாள். சோதனைப் பெட்டி மட்டும் என் பட்டறையிலேயே இருக்கட்டும், தூரத்திலிருந்தே அதைப் பார்த்துக்கொள்வேன் என்றாள்.

கிளம்புகிற அன்று சண்முகவடிவு முறுக்கும் கருப்பட்டியும் கட்டிக் கொடுத்தாள். மகாராஜா பெட்டி படுக்கையை ஆட்டோவில் ஏற்றினான். "பெட்டிய நிறுத்தவே மாட்டேன்மா, பூசையா இருந்தாலும் சரி" என்றேன்.

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தவள் தலையை வெளியே நீட்டினாள். "அப்படிச் செஞ்சுராதீங்க அண்ணாச்சி. விதியவே மாத்திட்டாங்க. இனிமே யாரு ஓட்டுனாலும் பதினாலு நாள்ல நடுவுல ஒரு நாள் முழுசா நிறுத்திப் போட்டுத்தான் மறுபடி ஓட்டணுமாம். பங்குனில அடுத்த ரிலீஸு. நமக்கு எந்த நாளுன்னு நீங்களே நல்ல நாளாப் பாத்துச் சொல்லுங்க, நான் அவங்களுக்கு எழுதிருதேன்."